உவர்த் தண்ணீரில் நுரைத்தது

மாமியின் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவே, இளம்பச்சை நிறத்தில் ஒரு ஷாம்பூப் போத்தல் இருந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. நெடுந்தீவில் நாங்கள் சீயாக்காயும் வெந்தயமும் அரைத்துத்தான் தலை முழுகுவோம். எங்கள் கிணற்று உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது; திரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். கப்பலில் சமையல்காரராக இருந்த மாமா, இது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும் என்று எழுதி அனுப்பியிருந்தார். மாமி ஒரு துளியும் பாவிக்கவில்லை. மாமா வந்திறங்கும் நாளில் முழுகுவதற்கென்று வைத்திருந்தார். சில பின்னேரங்களில் மூடியைக் கழற்றி எனக்கு மணந்து பார்க்கத் தருவார். நான் கண்டிராத ஏதோ பழத்தின் மணம். கண்ணை மூடினால் வீடே மெல்ல மிதப்பது போலிருக்கும்.

அந்த மாரியில் எனக்கு டைபாய்டு என்கிற நெருப்புக்காய்ச்சல் வந்தது. எத்தனை நாள் கிடந்தேனோ தெரியாது. கூரை இறங்கி வருவதும் கட்டிலுக்குக் கீழே கடல் போவதுமாக நாட்கள் கலங்கிக் கிடந்தன. காய்ச்சல் விட்டபோது, இடுப்புவரை இருந்த என் தலைமயிர் சடைபிடித்து ஒரே கட்டியாகியிருந்தது. அம்மா கத்தரிக்கோலை எடுத்தார். அழக்கூட எனக்குத் தெம்பில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ மச்சாள்" என்று போன மாமி போத்தலோடு திரும்பி வந்தார்.

"அது அண்ணை உமக்கெண்டு அனுப்பினதெல்லோ?" என்றார் அம்மா.

"அவர் வரேக்கை வரட்டும். பிள்ளையின்ரை தலையிலை கத்திரி வைக்கவேண்டாம்."

முற்றத்து வெயிலில் என்னை மடியில் சாய்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்த்து, மாமி இழை இழையாகப் பிரித்தார். நுரை அவர் முழங்கைவரை ஏறியது. சில குமிழிகள் கல்மதிலைத் தாண்டிப் போயின. நான் இடையிடையே உறங்கினேன்; விழித்தபோதெல்லாம் அதே விரல்கள். பொழுது சாயும்போது போத்தல் வெறுமையாகிவிட்டது. தலைமயிர் முழுவதும் சிக்கு விட்டு என் தோளில் கிடந்தது.

ஒரு மாதத்தில் அது பிடிபிடியாக உதிர்ந்தது. நெருப்புக்காய்ச்சல் கண்டால் அப்படித்தான் என்றார்கள். மாமியின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. அவரோ, "அதுக்கென்ன, ஒரு மாதம் வடிவாய்த் திரிஞ்சனியெல்லோ" என்றார்.

மாமா வந்த நாளில் நானும் அங்கே நின்றேன். மாமி முழுகி, ஈரத் தலையை விரித்துவிட்டிருந்தார். தேத்தண்ணீரை வாங்கும்போது மாமா சற்றுத் தயங்கினார்.

"இது சீயாக்காய் மணமெல்லோ. நான் அனுப்பினது?"

"அது பாவிச்சு முடிஞ்சுது. நல்லாய் நுரைச்சது."

மாமாவின் முகம் மலர்ந்தது. மாமி என்னை ஒருதரம் பார்த்தார். புதிதாய் முளைத்த கட்டை மயிரை நான் கையால் மூடிக்கொண்டேன்.

இப்போது நான் இருக்கும் ஊரில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர். கடையில் ஒரு சுவர் நிறைய ஷாம்பூ. மாமாவும் மாமியும் போய்விட்டார்கள். கடைசிவரை நான் மாமாவிடம் சொல்லவில்லை. மாமி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.