ஐயா என்று மட்டும்

அலுவலகத்தில் பழைய கோப்பு ஒன்றைப் பிரித்தபோது வந்த கார்பன் தாளின் வாசனை என்னைத் திண்டிவனம் தாலுகா ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோனது. இன்று வண்டிகள் நிற்கும் அந்த இடத்தில், தொண்ணூற்று மூன்றில், மனு எழுதுபவர்களின் டைப்ரைட்டர்கள் காலையிலிருந்தே தடதடத்துக்கொண்டிருக்கும். கழனி வேலை செய்த அம்மா வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுக்க வந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாததால், அடித்து முடித்த தாளை ஆறாம் வகுப்பு படித்த நான்தான் உரக்கப் படித்தேன்.

"தெய்வத்திற்கு நிகரான தாசில்தார் சமூகத்திற்கு, தங்கள் அடிமை பாதம் பணிந்து எழுதிக்கொள்வது..."

"நிறுத்துடீ," என்ற அம்மா மனு எழுதியவரிடம் திரும்பினாள். "ஐயான்னு மட்டும் போடுங்க. நான் யாருக்கும் அடிமை இல்ல."

"இப்படிப் போட்டாதாம்மா வேலை நடக்கும்."

"நடக்காட்டி திரும்ப வர்றேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு தாள் செருகினார். உள்ளே குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, "என்னம்மா, மரியாதை கொறையுது?" என்றார்.

"ஐயான்னு போட்டுக்குதே, அது மரியாதை இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா அங்கேயே நின்றாள். அவர் முத்திரை குத்தினார்.

இரண்டு வருடம் அலையவிட்டார்கள். அம்மா கொடுத்த ஒவ்வொரு மனுவும் ஐயா என்றுதான் தொடங்கியது. அப்படி வாங்கிய மனையில்தான் இப்போது எங்கள் வீடு நிற்கிறது.