முடக்கிய போன்

அறந்தாங்கியில் வேலை முடிந்து ஆவுடையார்கோவிலுக்குத் திரும்பும் பஸ்ஸில் என் போன் திருட்டுப் போனது. கைப்பையின் ஜிப் திறந்து கிடந்ததை இறங்கும்போதுதான் பார்த்தேன். வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அணைத்து வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தபோது பெண் எஸ்.ஐ., "ஐஎம்இஐ நம்பர் வச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை.

"சிம்மைக் கழட்டி எறிஞ்சிட்டு வேற சிம் போட்டுருவாங்க. ஆனா போனுக்குன்னே பதினஞ்சு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கு. அதை வச்சுத்தான் பிடிக்கணும். போன் வந்த பெட்டியில ஒட்டியிருக்கும், பாருங்க."

பெட்டி உடனே கிடைக்கவில்லை. சில வாரம் கழித்துப் பரண் மேல் பழைய துணிகளுக்கு அடியில் அகப்பட்டது. நம்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அரசாங்கத்தின் இணையதளத்தில் பதிந்து போனை முடக்கினார்கள்.

"இனிமே எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாது. போட்டவங்க யாருன்னும் எங்களுக்குத் தெரிஞ்சுரும்" என்றார் எஸ்.ஐ. பிள்ளைகளின் படமும் பேங்க் விவரமும் அதில் இருந்ததால் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். போன் கோட்டைப்பட்டினத்தில் கிடைத்திருந்தது. போனபோது எஸ்.ஐ.யின் மேசைக்கு எதிரே ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். மேசை மேல் என் போன்.

"நான் திருடலக்கா" என்றாள் என்னைப் பார்த்ததும். "கடையில பழைய போனுன்னு வாங்குனேன். நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு டவரே காட்டல. எங்க பக்கம் அப்படித்தான் ஆகும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எஸ்.ஐ. அவளிடம் கடுமையாகப் பேசவில்லை. "வாங்குறப்ப ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ்னு அடிச்சிருந்தா நம்பர் வந்திருக்கும். அது பில்லுல இருக்கான்னு பாத்திருக்கலாம்லம்மா."

"பில்லே தரல மேடம்" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "எங்க வீட்டுக்காரவுக மீன் பிடிக்கப் போன படகை இலங்கை நேவி பிடிச்சிட்டுப் போயிருச்சுக்கா. அங்க ஜெயில்ல இருக்காக. எப்பவாவது பேச விடுவாக. அவுகளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது என் நம்பர் ஒண்ணுதான். இத்தன நாளா கூப்பிடவே இல்ல. அவுகளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனச்சுட்டேன்."

நான் செய்ததில் தப்பில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. அதுவரை சமாளித்துக்கொண்டிருந்த பட்டன் போனைப் பையிலிருந்து எடுத்து, என் சிம்மைக் கழற்றிவிட்டு அவளிடம் நீட்டினேன். எஸ்.ஐ. என் போனிலிருந்த அவள் சிம்மை எடுத்து அதில் போட்டுக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மெசேஜ்கள் வரிசையாக வந்தன. இலங்கை நம்பர் ஒன்றிலிருந்து பல தடவை அழைப்பு வந்திருந்தது. அவள் அங்கேயே நின்று அந்த நம்பரைக் கூப்பிட்டாள். யாரோ எடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட்டார்கள்.

"இப்பப் பேச முடியாதாம்க்கா. அவுகளே கூப்பிடுவாகளாம்" என்று சொல்லிக் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பட்டன் போனை வாங்கி என் நம்பரைப் பதிந்து, அதை அவளே வைத்துக்கொள்ளச் சொன்னேன். தயங்கிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டு என் போனை வாங்கி வந்தேன். முடக்கத்தை நீக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் படம் ஒன்றுகூட அதில் இல்லை. கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துத்தான் விற்றிருக்கிறார். அவருக்கு அதை விற்ற ஆள் இன்னும் சிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அவுக பேசுனாகக்கா. எடுத்ததும், பிள்ள இருக்கான்னுதான் கேட்டாக. இங்க எங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு அவுக அங்க சோறே திங்கலையாம்."

எப்போது விடுவார்கள் என்று கேட்டேன்.

"அங்க கோர்ட்டுல மறுபடியும் வாய்தா போட்டுட்டாக" என்றாள்.