என்னைக் காட்டிக்கொடுத்த கை

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் காவலாளி வேலைக்காகத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனேன். கூடவே அன்ரனும் வந்தான். பத்து வருடமாக என் பக்கத்து வீட்டுக்காரன். மன்னாரில் அவனுடைய அண்ணனை ஓர் ஆயுத இயக்கம் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டிருந்தது. ஆயுதத்தைத் தொட்டதேயில்லை என்று அகதி விசாரணையில் சொன்ன பொய்யையே அவனிடமும் சொல்லியிருந்தேன்.

பயிற்சியாளர் என் வலது கையை இடுப்புப் பட்டியோடு கட்டினார்.

"இந்தக் கையில் காயம் என்று நினைத்துக்கொள். எப்படிச் சமாளிப்பதென்று காட்டுகிறேன்."

அவர் காட்டுவதற்குள் நான் துப்பாக்கியை முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, இடது கையால் தோட்டாக்கள் நிறைந்த மகசினைச் செருகி, இலக்கை நோக்கி நீட்டிவிட்டேன். யோசிக்கவேயில்லை.

"எங்கே பழகினாய்?" பயிற்சியாளர் வியப்போடு கேட்டார்.

அன்ரன்தான் ஜெர்மன் மொழியான டொச்சில் பதில் சொன்னான். "என் மகனின் விளையாட்டுத் துப்பாக்கியில் நேற்று இரண்டு பேரும் பழகிப் பார்த்தோம்."

திரும்பி வரும்போது ரயிலில் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் தரிப்பிடம் வரும் நேரத்தில் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணை, எந்த இயக்கத்திலை இருந்தனீங்கள்?"

அவனுடைய அண்ணனைச் சுட்டது எந்த இயக்கம் என்று பத்து வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது.