சாக்குக் கழித்த நிறை

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை காய்ச்சல் வந்து நிறை கொஞ்சம் இறங்கிவிட்டது. அந்த மாதக் கிளினிக்கில் மிட்வைஃப் என்னை நிற்கவைத்துப் பேசிய பேச்சு இன்னும் காதில் நிற்கிறது. பிள்ளையின் பதிவேட்டில் இருந்த வளர்ச்சிக் கோட்டைப் பேனையால் தட்டித் தட்டிக் காட்டினார். “கோடு மேலைதான் போகவேணும். பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்கள்? நீங்கள் தாய்தானே?” என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முட்டையும் பருப்பும் கீரையுமாகக் கடைந்து ஊட்டி, அடுத்த மாதம் கோடு ஏறிய பிறகுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அதே பிள்ளைக்குப் பதினான்கு வயதானபோது, கோடு மேலே போகக்கூடாது என்று ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் வாய்க்காலை நம்பி வயல் செய்கிறவர்கள். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பளுதூக்கும் சாமான்கள் ஒரு செட் வந்தது. அதைக் கொடுப்பதற்கு மேடை போட்டார்கள், நாடா வெட்டினார்கள், வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி மாறிமாறிப் பேசினார்கள். இரும்பைக் கொண்டுவந்து இறக்கியவர்களில் ஒருவருக்காவது, அதைத் தூக்கப்போகும் பிள்ளையை நிறுக்க ஒரு தராசு வேண்டும் என்று தோன்றவில்லை. இந்த விளையாட்டில் நிறையை வைத்துத்தான் பிரிவே பிரிக்கிறார்கள்!

பயிற்றுவித்த ஆசிரியர், எல்லோருக்கும் சேர், இளம் ஆள், துடியாட்டமானவர். அவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நெல் வாங்கும் கடையில் பெரிய மின்தராசு இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் அங்கே நெல் மூட்டைகளுக்கு நடுவே வரிசையில் நின்று ஏறி இறங்குவார்கள். தராசின் முகம் கடைக்காரர் பக்கம்தான் திரும்பியிருக்கும். அங்கே நிறுக்கிற அண்ணை எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவார், சேர் கொப்பியில் எழுதுவார்.

முதல் வருடம் மகள் நாற்பத்திரண்டு கிலோகூட வராமல் நாற்பத்தைந்து கிலோப் பிரிவில் மெடல் எடுத்தாள். அடுத்த வருடமும் அதே பிரிவில்தான் அவளை இறக்கவேண்டும் என்று சேர் ஒற்றைக்காலில் நின்றார். மேல் பிரிவில் வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பலசாலியாம். இடையில் மகள் சும்மா இருந்தாளா? வெள்ளைச் சட்டையின் மடிப்பை இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். சப்பாத்து கடித்தது. வளர்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துச் சந்தோசப்பட வேண்டிய வீட்டில், நிறையைப் பற்றித்தான் நாளும்பொழுதும் கதை.

“இரவுச் சோத்தை நிப்பாட்டுங்கோ அம்மா. வெள்ளரிக்காய் குடுங்கோ, பால் விடாத பிளேன்ரீ குடுங்கோ. மெடல் எடுத்தாளெண்டால் பெரிய பள்ளிக்கூடத்திலை இடம் கிடைக்கும்” என்றார் சேர்.

நிறுத்தினேன். புட்டு அவிக்கிற மணத்துக்கு முன்னாலே அவள் போய்ப் படுத்துவிடுவாள். சில நாட்களில் குசினி வாசலில் வந்து நின்று, “பசிக்குதம்மா” என்பாள். “மெடல் வேணுமோ புட்டு வேணுமோ?” என்று கேட்பேன். பெரிய கெட்டிக்காரக் கேள்வி கேட்டுவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

மாகாணப் போட்டிக்கு முதல்நாள் கடையில் நாற்பத்து நான்கு கிலோ எண்ணூறு என்று கூப்பிட்டார்கள். சேருக்கு வாயெல்லாம் பல். இருந்தாலும் காவலுக்கு, அன்று பின்னேரத்திலிருந்து அவளுக்குத் தண்ணீரையும் நிறுத்தச் சொன்னார். மறுநாள் காலை யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவள் எச்சிலைக்கூட விழுங்கவில்லை. ஒரு சொப்பிங் பையில் துப்பிக்கொண்டே வந்தாள். ஆனையிறவு தாண்டும்போது அவள் உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. நான் சீலைத் தலைப்பால் ஒற்றிவிட்டேன், ஒரு மிடறு தண்ணீர் கொடுக்கவில்லை.

மண்டபத்தில் இருந்த தராசு நாற்பத்தாறு கிலோ முந்நூறு காட்டியது.

இறக்கி மறுபடி ஏற்றினார்கள். அதே எண்தான். சேர் முகம் கறுத்து என்னிடம் வந்தார். “கள்ளமாத் திண்டிருக்கிறாள்!”

“சத்தியமா ஒண்டும் தின்னேல்லை அம்மா” என்றாள் மகள். வாய் காய்ந்து சொற்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. நானும் அவளை ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தேன். ஒரே இரவில் ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு பிள்ளை எதைத் தின்னமுடியும் என்று யோசிக்கிற புத்தி அந்த நேரத்தில் எனக்கு இல்லை.

பிறகு நெல்லுக் கடைக்குப் போன் எடுத்தேன். எங்கள் நெல்லும் அங்கேதான் போகிறது, நம்பர் இருந்தது. தராசில் ஏதாவது பிழையா என்று கேட்டேன்.

“தராசு நல்ல தராசு தங்கச்சி,” என்றார் நிறுக்கிற அண்ணை. “காட்டுறதிலை ரெண்டு கிலோவைக் கழிச்சுத்தானே நான் கூப்பிடுறனான். சாக்குக்கு.”

“பிள்ளையளுக்குமோ?”

“ஐயோ தங்கச்சி, வாய்ப்பழக்கம்” என்றார்.

என் மகளுக்கும் சாக்குக் கழித்திருக்கிறார்கள்! வெறும் சாக்கு இரண்டு கிலோ வராது என்பது எங்கள் வன்னிப் பக்கத்தில் நெல் விற்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வருடக்கணக்காக வாய் திறக்காமல் நிற்கிறோம். எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றது உறைத்தது. பட்டினி போட்டும் அந்த உடம்பு எங்களை எதிர்த்துக்கொண்டு வளரப் பார்த்திருக்கிறது.

சேரிடம் சொன்னேன். இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். “அப்ப பிள்ளையிலை பிழையில்லை,” என்றார். “சரி, நிறுவை முடிய இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கு.”

வியர்த்தால் நிறை இறங்கும் என்று அவளுக்கு மழைக்கோட்டைப் போட்டுவிட்டு உச்சி வெயிலில் மண்டபத்தைச் சுற்றி ஓடவிட்டார். மூன்றாம் சுற்றில் அவள் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேர் யாரிடமோ கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு வந்தார். “தலைமயிரையும் வெட்டினால் கொஞ்சம் குறையும், அம்மா.”

“பிறகு என்னத்தை வெட்டப்போறீங்கள் சேர், காலையோ?” என்று கேட்டேன். என் குரலுக்கு அங்கே நின்ற நடுவர்மார் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். “பிள்ளை வளந்திட்டுது. வளந்ததுக்கு ஆரிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கவேணும், சொல்லுங்கோ!”

மழைக்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை அவள் வாயில் வைத்தேன். குடித்துக்கொண்டே அழுதாள். ஒரு வருடப் பாடு வீணாகப் போய்விட்டது என்று சேர் சொன்னது எங்களுக்குப் பின்னால் கேட்டது. திரும்பி வரும்போது மகள் பஸ்ஸில் வேறு சீற்றில் போய் இருந்தாள்.

அடுத்த கிழமையும் அவளுக்குத் தலைச்சுற்று நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் டொக்டர் ஒருவர் உயரத்தை அளந்தார், நிறுத்தார், கண் மடலை இழுத்துப் பார்த்தார். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். மகள் இல்லை என்றாள். நான்கு மாதமாக வரவில்லையாம். பயிற்சிக்கு வசதி என்று பேசாமல் இருந்தாளாம். ஒரே வீட்டில் இருக்கிற தாய்க்கு அது தெரியவில்லை.

டொக்டர் கோபப்படாமல்தான் சொன்னார். வளர்கிற வயதில் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வருமாம். முதலில் மாதவிலக்கு, பிறகு எலும்பு, உயரம். பளு தூக்கட்டும், தாராளமாகத் தூக்கட்டும், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு, அவளுடைய உடம்பு எந்தப் பிரிவோ அந்தப் பிரிவில் தூக்கட்டும் என்றார். பிறகு பேனையை எடுத்தார்.

“இரவுச் சாப்பாட்டை நிப்பாட்டினது ஆர்? அந்தச் சேரோ?”

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு மணித்தியாலத்துக்குச் சாமான் இருந்தது. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் டொக்டர். எனக்கு இரவிலை பசிக்கிறேல்லை.”

என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டொக்டர் அதை எழுதத் தொடங்கினார்.

“அதை எழுதாதேங்கோ டொக்டர்,” என்றேன். “அவளுக்குப் பசிச்சது. நான்தான் குடுக்கேல்லை.”