ஏலத்தில் போன சேவல்

யுத்தத்துக்கு முந்திய காலம். ஆரப்பாளையத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு மில்லில் வேலை. என் மனைவிக்கு வீடும் நாலு கோழியும். பிள்ளை இல்லை. என் அப்பா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயில் தப்பாது.

அடுத்த வீடு ஒரு பாய் வீடு. அவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். துருத்தியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வீட்டில் அவர் மனைவி, அம்மா, ஒரு சின்னப் பெண் பிள்ளை. அந்தப் பிள்ளை பாதி நேரம் எங்கள் அடுப்படியில்தான் கிடக்கும். அவர் மனைவி என் மனைவியை அக்கா என்பாள். காலையில் இரண்டு பேரும் கிணற்றடியில் சேர்ந்து தண்ணீர் இறைப்பார்கள். நான் அதிகம் பேசுகிறவனில்லை. என் மனைவிக்குப் பேச்சுத் துணை அந்தக் கிணற்றடிதான்.

ஒரு வருஷம் பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரி மருந்து கொடுத்தார்கள். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார்கள். என் மனைவி யாரிடமும் சொல்லாமல் பட்டினி கிடந்து ஜெபம் பண்ணினாள். பிள்ளை பிழைத்தால் வீட்டுச் சேவலைக் கோயிலுக்குத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கோழியோ, முட்டையோ, பூசணிக்காயோ, காணிக்கையாக வந்ததை ஆராதனை முடிந்ததும் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். இன்ன காரியத்துக்காகப் படைத்தது என்று உபதேசியார் சொல்லிவிட்டுத்தான் ஏலம் கூறுவார். அன்றைக்கு அவர் கேட்டார். இவளும் உள்ளதைச் சொன்னாள். அவருக்கு ரோடு வரைக்கும் கேட்கிற குரல். சேவலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"பாய் வீட்டுப் பிள்ளைக்காக வந்த சேவலய்யா. ஓதுன தண்ணியால ஆகாதது நம்ம ஆண்டவரால ஆச்சு. கேளுங்க, கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சேவல் நல்ல விலைக்குப் போனது. என் மனைவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் வந்து சேருவதற்குள் பேச்சு சந்துக்கு வந்துவிட்டது. எப்போது வேதத்தில் சேரப்போகிறீர்கள் என்று பாயின் அம்மாவைக் கடையில் வைத்து யாரோ கேலி செய்திருக்கிறார்கள். பள்ளிவாசலில் பாயையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மறுநாள் கிணற்றடியில் பாயின் மனைவி வாளியைக் கீழே வைத்தாள்.

"எம் பிள்ளையவா ஏலம் போட்டீக?"

"இல்ல தாயி, நான் சேவலத்தான்..."

அந்தப் பெண் குடத்தை நிரப்பாமலே போய்விட்டாள். அப்புறம் இவள் போகாத நேரம் பார்த்துத் தண்ணீருக்கு வந்தாள். பிள்ளை எங்கள் வாசலுக்கு வந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இவள் போய்க் கதவைத் தட்டினாள். வீட்டில் ஆள் இல்லை என்று பாயின் அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள்.

உபதேசியாரிடம் போய்ச் சொன்னோம். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வது சாட்சி, அதற்குப் பயப்படலாமா என்றார். அதிலிருந்து வீட்டு ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் இவள் தலையை ஆட்டிவிடுவாள். விசுவாசத்தில் தளர்ந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் ஆறு வறண்டு காலரா வந்தது. அந்தப் பிள்ளை ஒரே பகலில் போய்விட்டது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் எங்கள் வாசலில் நின்று பார்த்தோம். உள்ளே போய் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார இவளால் முடியவில்லை. பாய் டி. கல்லுப்பட்டிப் பக்கம் வேலையாகப் போயிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. நோய்க்குப் பயந்து உறவுக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. என் மனைவி கஞ்சி காய்ச்சினாள். எங்கள் பாத்திரத்தில் கொடுக்க முடியாது. எல்லாம் அந்த பாய் ஈயம் பூசியவை. பார்த்தால் தெரிந்துபோகும். எதிர்வீட்டில் எருமை வைத்திருந்த பால்காரம்மாவின் சட்டியில் ஊற்றி, நீ காய்ச்சியதாகவே கொடு என்று சொல்லிவிட்டாள். துக்கம் கழிகிற வரைக்கும் இரண்டு வேளையும் கஞ்சி அப்படித்தான் போனது.

அந்த வீட்டில் இருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. டி. கல்லுப்பட்டிக்கே போவதென்று வண்டி பிடித்தார்கள். சாமான் ஏற்றி முடிந்ததும் அந்தப் பெண் எதிர்வீட்டுக்குப் போய்ப் பால்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பெத்த தாயி மாதிரி கஞ்சி ஊத்துனீக. அல்லா உங்க பிள்ளைகள நல்லா வச்சிருப்பான்."

பால்காரம்மா தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். என் மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்தப் பெண் எங்கள் வாசலைத் தாண்டித்தான் வண்டிக்குப் போனாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுபடியும் அக்கா என்று கூப்பிட்டிருப்பாளே என்றேன்.

"வெறும் கஞ்சின்னு நெனச்சுக் குடிச்சா. நம்ம கைன்னு தெரிஞ்சா தொண்டையில நிக்கும். போகட்டும், விடுங்க."

வண்டி சந்து முனையில் திரும்புகிற வரைக்கும் நின்றாள். பிறகு உள்ளே வந்து அரிசி களைந்தாள். அரிசி தரையில் சிந்தியது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

அதற்கப்புறம் அவள் நெடுநாள் இருக்கவில்லை. சாகிற வரைக்கும் ஜெபத்தில் வாய் அசையும், சத்தம் வராது. யாருக்காக என்று நான் கேட்டதில்லை.