எட்டு வேளை மருந்து

மலை முழுக்கக் காய்ச்சல் பரவிய ஆண்டில், ஹட்டன் மருந்துக்கடைக்காரர் வாசலில் பெஞ்சைக் குறுக்கே போட்டு, யாரையும் உள்ளே விடாமல் மருந்து கொடுத்தார். ஒல்லியான மனிதர், மூக்கையும் வாயையும் மூடி நாலு மடிப்பு மல்துணி. படிக்கத் தெரியாதவர்களுக்காக, வேளைக்கு ஒரு வெட்டாகக் காகிதத்தைக் கத்தரித்து ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டுவார்.

ஒருநாள் தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியனான என்னிடம் கேட்டார்.

"மாஸ்டர், உங்க தோட்டத்து ஆளுங்க எழும்பவே முடியாம கெடக்காங்க. நான் சொல்லித் தர்றேன். லயத்துக்கு இந்த மருந்தக் கொண்டுபோய், எப்படிக் குடிக்கிறதுன்னு காட்டுறீங்களா?"

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்துக்குள் நுழைய எனக்குப் பயம்.

"எனக்கே ரெண்டு நாளாக் காய்ச்சலுங்க."

அவர் லயத்துக்கென்று அடுக்கியிருந்த போத்தல்களில் ஒன்றை எடுத்து, எட்டு வெட்டையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஒரு வேளையும் விட்றாதீங்க. வீட்லயே படுங்க. அங்க நான் போறேன்."

மறுநாள் அவர் கடையைப் பூட்டிவிட்டுச் சாக்குப் பையோடு மலையேறுவதை ஜன்னல் வழியே பார்த்தேன். திறக்காத போத்தல் என் மேசையில் இருந்தது. திருப்பிக் கொடுத்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

அது லயத்தில் எந்த வீட்டுக்கு வைத்திருந்தது என்று கடைசிவரை நான் அவரிடம் கேட்கவில்லை.