நாவலைத் திருத்திய சித்தப்பா

இன்னைக்கு நன்னிலம் பஸ்ல ஒரு துப்பறியும் நாவல் படிச்சிட்டு வந்தேன். கதையில ஒரு பள்ளிக்கூட வாத்தியார் துப்பு துலக்குறார். வயல் எல்லைக்கல்லைப் பிடுங்கி நகத்தினவன்தான் கொலைகாரன்னு அவருக்குச் சந்தேகம்.

என் பக்கத்து சீட்டுல எங்க பக்கத்து வயல்காரர். சித்தப்பான்னுதான் கூப்பிடுவேன். எட்டிப் படிச்சுட்டுச் சிரிச்சார்.

"கல்லை எவனாவது நகத்துவானா? நடவுக்கு முன்னாடி வரப்பு வெட்டுறப்ப நம்ம பக்கம் ஒரு விரக்கடை அகலத்துக்குச் செதுக்கிட்டு, அந்தப் பக்கம் சேத்தை அப்பிவிட்டா போதும்மா. வருஷா வருஷம் வரப்பு தானா நகந்துடும்."

புத்தகத்தை மூடிட்டேன்.

எப்பவும் விடுற அளவு நாத்துதான், ஆனா மூணு வருஷமா எங்க வயல்ல மிச்சமாகுது. இடைவெளி அதிகம் விட்டுக் கலக்க நட்டுட்டாங்கன்னு அப்பா நடவு ஆளுங்களைத் திட்டிக்கிட்டு இருக்கார்.

"கல்லு காட்டிக் கொடுத்துடாதா சித்தப்பா?"

"அதுதான் சேத்துல புதைஞ்சு கிடக்கே!"

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். எங்க ஊருக்கு முந்தின ஸ்டாப்லயே இறங்கிட்டார்.

நாவல்ல இன்னும் நாப்பது பக்கம் பாக்கி இருக்கு. கொலைகாரன் யாருன்னு யாரும் சொல்லிடாதீங்க.

நல்ல சர்வேயர் யாருன்னு மட்டும் சொல்லுங்க.